காலப்பயண நகைச்சுவைத் தொடரின் தோற்றக் கதைக்கு வாசகர் கருத்து எழுதுவது எப்படி

ஒரு தொடரை விரும்பிப் படித்தவர்கள் அதன் தோற்றக் கதையையும் படித்துவிட்டு எழுதும் கருத்துகள் பல நேரம் இரண்டு வரிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. "அருமை, ஆனால் சீக்கிரம் முடிந்துவிட்டது" என்று ஒருவர் எழுதுவார். "ஒன்றும் புரியவில்லை, யார் யாரோ வருகிறார்கள்" என்று இன்னொருவர் எழுதுவார். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆயினும் அந்தக் கதையை இப்போதே படிக்கலாமா, நாவல்களுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமா, படிக்காமலே விட்டாலும் குறையில்லையா என்று தயங்கி நிற்கும் அடுத்த வாசகருக்கு இவற்றால் பயனில்லை. ஒரே கதை ஒருவருக்கு இனித்தும் இன்னொருவருக்குப் புளித்தும் போனதன் காரணத்தை இருவருமே சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் காரணத்தைச் சொல்லும் கருத்தை எழுதுவதற்கான வழிமுறையே இந்தக் கட்டுரை.

எடுத்துக்காட்டாக நான் கையில் எடுத்துக்கொள்வது, பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜோடி டெய்லரின் செயின்ட் மேரிஸ் தொடர். அதன் முதல் நாவலான 'ஜஸ்ட் ஒன் டாம்ட் திங் ஆஃப்டர் அனதர்' 2013இல் பதிப்பகம் வழியே வெளிவந்தது. செயின்ட் மேரிஸ் ஒரு வரலாற்று ஆய்வு நிறுவனம். அங்குள்ள வரலாற்றாய்வாளர்கள் சிறிய கல்வீடுகளைப் போலத் தோன்றும் கலங்களில் ஏறிப் பழங்காலத்துக்குச் சென்று, நடந்ததை நேரில் பார்த்துக் குறிப்பெடுத்துத் திரும்புகிறார்கள். கதையைச் சொல்பவர் மேக்ஸ் என்னும் பெண் ஆய்வாளர். சில நாவல்கள் வந்த பிறகு, 2015இல், 'தி வெரி ஃபர்ஸ்ட் டாம்ட் திங்' என்ற குறுங்கதை வந்தது. தொடரின் கற்பனை உலகில் பிரிட்டனில் நடக்கும் உள்நாட்டுப் போரில் பாட்டர்சீ தடுப்பரண்களில் கிடைத்த இறுதி வெற்றிக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, நாவல்களில் இயக்குநராக வரும் டாக்டர் பேர்ஸ்டோ அந்த நிறுவனத்தை எவ்வாறு உருவாக்கினார் என்பதே அக்கதையின் பொருள். ஆட்களை எங்கிருந்து சேர்ப்பது, பணத்துக்கு யாரிடம் போவது, சொல்வதைக் கேட்டுச் சிரிப்பவர்களை எப்படி நம்பவைப்பது ஆகிய மூன்று சிக்கல்களின் மேல்தான் கதை நடக்கிறது.

எந்த வாசல் வழியாக வந்தீர்கள்?

கருத்தின் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டியது ஒன்று உண்டு: இந்தக் கதைக்கு முன்னால் தொடரில் எவற்றைப் படித்திருந்தீர்கள்? கதை பிடித்ததா இல்லையா என்பதைக் கூட அடுத்த வாக்கியத்துக்குத் தள்ளிவைக்கலாம். இதைத் தள்ளிவைக்கக் கூடாது. தோற்றக் கதையின் மதிப்பில் பாதி அதன் பக்கங்களில் இருக்கிறது. மறுபாதி வாசகர் மனத்தில் ஏற்கெனவே சேர்ந்திருப்பதில் இருக்கிறது. ஆறு நாவல்களைப் படித்தவரும் ஒன்றைக்கூடப் படிக்காதவரும் ஒரே எழுத்துகளைத்தான் வாசிக்கிறார்கள், ஆனால் அவர்களுக்குக் கிடைக்கும் கதைகள் வேறு வேறு.

இந்த இடத்தில் பலரைத் தடுக்கி விழவைப்பது ஓர் எண். புத்தகப் பட்டியல்களில் இத்தகைய முன்கதைகளுக்கு 0.5 என்ற வரிசை எண்ணைக் கொடுப்பது வழக்கம். ஒன்றுக்கு முன் அரை வருகிறதே, ஆகவே அரையிலிருந்து தொடங்குவோம் என்று நினைப்பது இயல்புதான். என் சித்தி மகளுக்கு நான் இந்தத் தொடரைப் பரிந்துரைத்தபோது அவள் அப்படித்தான் தொடங்கினாள். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, இதுல ஒவ்வொருத்தரும் உள்ள நுழையறப்ப கை தட்டணும்போல எழுதியிருக்காங்க, ஆனா எனக்கு யாரையுமே தெரியலையே" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தைவிடத் துல்லியமான கருத்தை அக்கதையைப் பற்றி நான் வேறெங்கும் படித்ததில்லை. நாடகத்தில் பெரிய நடிகர் மேடைக்கு வரும் நொடியில் அரங்கம் ஆர்ப்பரிக்கும்; அவரை அறியாத ஊர்க்காரர் ஒருவர் அந்த ஆர்ப்பரிப்பு எதற்கென்று பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். முன்கதையை முதலில் படிப்பவரின் நிலை அதுதான். அவள் அதைத் தன் கருத்தாக எழுதியிருந்தால், 0.5 என்ற எண்ணைப் பார்த்து ஏமாறவிருந்த பலர் தப்பியிருப்பார்கள்.

எனவே "முதல் மூன்று நாவல்களுக்குப் பிறகு இதைப் படித்தேன்" என்றோ, "இந்தத் தொடரில் நான் படிக்கும் முதல் கதை இது" என்றோ தொடங்குங்கள். அதற்குப் பிறகு நீங்கள் எழுதும் ஒவ்வொரு சொல்லையும் வாசகர் அந்த அளவுகோலை வைத்து அளந்துகொள்வார்.

இங்கே இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். தோற்றக் கதை என்று நாம் சொல்வதில் இரண்டு இனங்கள் இருக்கின்றன. தொடர் வளர்ந்த பிறகு, அது எப்படித் தொடங்கியது என்று பின்னோக்கி எழுதப்படுவது ஓரினம். ஜோடி டெய்லரின் கதை அவ்வகை. முதலில் தனிக் கதையாக எழுதப்பட்டு, பின்னால் அதிலிருந்து ஒரு தொடரே கிளைவிட்டு வளர்வது மற்றோரினம். இரண்டாவதற்கு நல்ல சான்று, அமெரிக்க எழுத்தாளர் கானி வில்லிஸ் 1982இல் எழுதிய 'ஃபயர் வாட்ச்'. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வரலாற்று மாணவர்கள் காலத்தில் பின்னோக்கிப் பயணம் செய்யும் தொடருக்கு அதுவே ஊற்றுக்கண். இயேசுவின் திருத்தூதரான புனித பவுலோடு பயணம் செய்வதற்காக ஆண்டுக்கணக்கில் ஆயத்தமான பார்த்தலோமியு என்னும் மாணவன், அலுவலகக் குளறுபடியால், 1940இல் குண்டுவீச்சுக்கு நடுவிலிருந்த லண்டன் புனித பவுல் பேராலயத்துக்கு அனுப்பப்படுகிறான். அந்தக் குறுநாவல் ஹியூகோ, நெபுலா என்ற இரு அறிவியல் புனைகதை விருதுகளையும் பெற்றது. அதில் பார்த்தலோமியுவின் தோழியாக ஓரமாக வந்துபோகும் கிவ்ரின், பத்து ஆண்டுகள் கழித்து 1992இல் வெளியான 'டூம்ஸ்டே புக்' நாவலின் நாயகியாகிறாள். 1998இல் அதே தொடரில் வந்த 'டு சே நத்திங் ஆஃப் தி டாக்' முழுக்க முழுக்க நகைச்சுவை நாவல்.

முதல் இனக் கதைக்குக் கருத்து எழுதும்போது, "ஏற்கெனவே எனக்குத் தெரிந்ததற்கு இது என்ன சேர்த்தது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் இனக் கதையென்றால், "பின்னால் வந்த எதுவுமே இல்லாமல் இது தனித்து நிற்கிறதா?" என்று கேளுங்கள். ஒன்றுக்குரிய கேள்வியை மற்றொன்றிடம் கேட்டால் அநியாயமான தீர்ப்புத்தான் கிடைக்கும். 1998ஆம் ஆண்டு நாவலில் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு அதே சிரிப்பைத் தேடி 'ஃபயர் வாட்ச்' கதைக்கு வருபவர், அதில் சிரிப்பைவிடத் துயரம் மிகுதியாக இருப்பதைக் கண்டு ஏமாற்றமடையக்கூடும். அந்த ஏமாற்றத்தைக் கதையின் குறையாக எழுதினால் தவறு. தான் வந்த வாசலின் விளைவாக எழுதினால் அது மிகச் சரியான தகவல்.

சிரித்த இடங்களைக் குறித்துவையுங்கள்

நகைச்சுவைக் கதையைப் பற்றி எழுதுவது கடினமானது. சோகக் கதையில் எது நம்மை உலுக்கியது என்று முடிந்த பிறகும் நினைவிருக்கும். சிரித்த இடமோ அடுத்த பக்கத்துக்குள் மறந்துவிடும். கடைசியில் "நல்ல காமெடி" என்ற சொல்தான் எஞ்சும். ஆகவே படிக்கும்போதே குறித்துக்கொள்வது தவிர வேறு வழியில்லை. அச்சுப் புத்தகமானால் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி போதும். மின்னூலானால் அந்த வரியைத் தேர்ந்து நிறம் தீட்டிவைக்கலாம்.

குறித்தவற்றைப் படித்து முடித்தபின் இரண்டாகப் பிரியுங்கள். சில இடங்களில் தொடரை அறியாதவரும் சிரிப்பார். சில இடங்களில் பழகியவர் மட்டுமே சிரிப்பார். 'ஃபயர் வாட்ச்' ஒரு நாட்குறிப்பு வடிவில் எழுதப்பட்டிருக்கிறது. அதன் முதல் குறிப்பிலேயே, பேராலயத்துக்கு வந்து சேர்ந்த மாணவன், குண்டுவீச்சில் பேராலயம் தீப்பிடிக்காமல் காத்த தீக்காவல் தொண்டர்களின் நினைவாகப் பதிக்கப்பட்ட கல்லைத் தேடுகிறான். அது அங்கே இல்லை. அந்தக் கல் 1951இல்தான் அர்ப்பணிக்கப்படவிருக்கிறது, அவன் நிற்பதோ 1940. இந்தச் சிரிப்புக்கு முன்னறிவு எதுவும் தேவையில்லை. காலப்பயணம் என்றால் என்ன, அதற்குச் சரியாக ஆயத்தமாகாதவன் எப்படித் தடுமாறுவான் என்பதை ஒரே மூச்சில் அது சொல்லிவிடுகிறது. அதே கதையில் ஒரு பூனை வருகிறது. பார்த்தலோமியுவின் எதிர்காலத்தில் பூனை இனமே அழிந்துபோயிருப்பதால், அதைக் கண்டதும் அது என்னவென்று அவனுக்கு உடனே தெரியவில்லை. புதிய வாசகர் இதைக் கண்டு புன்னகைப்பார். 1998ஆம் ஆண்டு நாவலில் ஒரு பூனையால் விளைந்த குழப்பங்களை எல்லாம் படித்துவிட்டு வருபவருக்கோ அந்தச் சிறிய காட்சி ஒரு பழைய நண்பரின் குழந்தைப் பருவப் புகைப்படத்தைப் பார்ப்பது போல இருக்கும்.

இவ்வாறு பிரித்தபின் எந்தப் பக்கம் புள்ளிகள் அதிகம் என்று பாருங்கள். பழகியவர் மட்டும் சிரிக்கும் இடங்களே நிறைந்திருந்தால், கதை ரசிகர்களுக்கான பரிசு என்று தயங்காமல் எழுதலாம். அப்படி எழுதுவது குறைசொல்வதாகாது. திருமண வீட்டில் உறவினர் மட்டும் கூடிப் பேசும் கூடத்தில் கிடைக்கும் இன்பத்துக்கும் ஓர் இடம் உண்டு. வாசலில் நிற்பவரிடம் உள்ளே நடப்பது அதுதான் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் போதும்.

சிரிப்பைத் தமிழில் கொண்டுவருவது

ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் கருத்து எழுதுபவர் சந்திக்கும் பெரிய இடர் இதுதான். பிரிட்டிஷ் நகைச்சுவை குரலை உயர்த்துவதில்லை. கூரை எரிந்துகொண்டிருக்கும்போது தேநீர் ஆறிப்போவதைப் பற்றிக் கவலைப்படுவது போன்ற தொனி அதற்கு. அதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து மேற்கோளாகக் காட்டினால், வாசகர் எந்த இடத்தில் சிரிக்க வேண்டுமென்றே தெரியாமல் விழிப்பார். மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு, அந்தச் சிரிப்பு எப்படி வேலை செய்கிறது என்று விளக்குங்கள்.

செயின்ட் மேரிஸ் தொடரிலிருந்தே ஒன்றைப் பார்ப்போம். அந்த நிறுவனத்தில் 'காலப்பயணம்' என்ற சொல்லை யாரும் பயன்படுத்தக் கூடாது; முக்கிய வரலாற்று நிகழ்வுகளை அவை நிகழும் காலத்திலேயே ஆராய்கிறோம் என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அங்கே கட்டாயம். இதை வெறுமனே தகவலாகச் சொன்னால் தமிழில் சிரிப்பு வராது. ஆனால் நம் அரசாணைகளின் நடை எப்படியிருக்கும் என்று தமிழ் வாசகர் எல்லோருக்கும் தெரியும். "மேற்படி நிகழ்வுகள் நடைபெறும் காலத்திலேயே மேற்படி ஆய்வுகள் மேற்கொள்ளப்படுகின்றன" என்று சொல்லி, இப்படிச் சொல்பவர்கள் சற்று முன்புதான் தீப்பிடித்த சட்டையோடு பழங்காலத்திலிருந்து ஓடிவந்து விழுந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நேரே சிரிப்பு வந்துவிடும். சொன்ன எடுத்துக்காட்டு உங்களுடையது, தொனி மூலத்தினுடையது. கருத்து எழுதுபவர் செய்யக்கூடிய நேர்மையான வேலை அதுதான்.

தலைப்பையும் ஒரு நிமிடம் கையிலெடுத்துப் பார்க்கலாம். வரலாறு என்பது ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும் தொல்லைகளின் வரிசையே என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பழைய சொல்வழக்கு உண்டு. முதல் நாவலின் தலைப்பு அதிலிருந்து எடுத்தது. முன்கதையின் தலைப்போ முதல் நாவலின் தலைப்பிலிருந்து எடுத்தது. 'டாம்ட்' என்ற சொல்லுக்குச் 'சபிக்கப்பட்ட' என்று எழுதினால் பேய்க்கதை போலாகிவிடும். எங்கள் வீட்டில் அப்பத்தா, தண்ணீர் நின்றுபோன குழாயையும் எரியாத அடுப்பையும் "பாழாய்ப்போனது" என்பார். அதில் கோபம் கால் பங்கு, பழகிப்போன பாசம் முக்கால் பங்கு. அந்தத் தலைப்பில் இருப்பதும் அதே கலவைதான். "ஒன்று போனால் இன்னொன்று, எல்லாம் பாழாய்ப்போனது" என்று முதல் நாவலையும், "பாழாய்ப்போனவற்றில் முதலாவது" என்று முன்கதையையும் விளக்கினால், இரண்டுக்கும் உள்ள உறவும் தொடரின் மனநிலையும் தமிழ் வாசகருக்கு ஒருசேரப் புரிந்துவிடும். தலைப்பை இப்படி விளக்க மூன்று வாக்கியங்கள் செலவானாலும் அது வீண்செலவில்லை.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. இத்தொடரில் சிரிப்புக்கு அருகிலேயே மரணம் நிற்கிறது. நாம் நேசிக்கத் தொடங்கியவர்கள் திடீரென இறந்துபோகிறார்கள். கலகலப்பான தொடர் என்று மட்டும் எழுதிவிட்டால், அதை நம்பிப் படிக்க வந்தவர் நடுவில் அடிபடுவார். சிரிப்பும் துயரமும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதை உங்கள் அனுபவத்திலிருந்து ஒரு வரியிலாவது சொல்லுங்கள்.

குரலும் வடிவமும்

முன்கதை நடக்கும் காலத்தில் மேக்ஸ் இன்னும் செயின்ட் மேரிஸுக்கு வந்து சேரவில்லை. கதையின் மையத்தில் இருப்பவர் டாக்டர் பேர்ஸ்டோ. நாவல்களின் ஈர்ப்பில் பெரும்பங்கு மேக்ஸின் குரலுக்கு உரியது என்பதால், அது இல்லாத கதை சிலருக்கு உப்பில்லாத கஞ்சியாகத் தோன்றலாம். சிலருக்கோ, எப்போதும் மேசைக்கு அந்தப் புறத்தில் இறுக்கமாக அமர்ந்திருந்த இயக்குநரை மேசைக்கு இந்தப் புறத்திலிருந்து பார்க்கும் அரிய வாய்ப்பாக அமையலாம். நான் இரண்டாம் கட்சி. நாவல்களில் ஒரு சொல்லால் எல்லோரையும் நடுங்கவைப்பவர், இங்கே பணத்துக்கும் ஒப்புதலுக்கும் பிறர் முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியவராக இருக்கிறார் என்பதே எனக்கு இக்கதையின் பெரும் கொடை. உங்கள் தேர்வு எதுவானாலும், "குரல் மாறியிருக்கிறது, அது எனக்கு இப்படிப் பட்டது" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வாசகர் தம் விருப்பத்துக்கு ஏற்ப முடிவுசெய்துகொள்வார்.

வடிவத்தையும் குறிப்பிட வேண்டும். இக்கதை முதலில் ஒலிநூலாக, ஆசிரியர் தம் குரலிலேயே வாசித்து வெளிவந்தது. நாவல்களின் ஒலிநூல்களை வழக்கமாக வாசிப்பவர் ஜாரா ராம். அவர் குரலையே மேக்ஸின் குரலாக மனத்தில் பதித்துக்கொண்டவர்களுக்கு வேறொரு குரல் கேட்டதும் முதல் சில நிமிடங்கள் உறுத்தலாம். வேறு சிலருக்கு, எழுதியவரே எந்தச் சொல்லில் நிறுத்துகிறார், எதை அழுத்தாமல் கடந்துபோகிறார் என்று கேட்பது தனி விருந்தாகலாம். ஒலிநூலைக் கேட்டவர் வாசிப்பைப் பற்றிய குறையைக் கதையின் குறையாக எழுதிவிடுவதும், மின்னூலைப் படித்தவர் அந்தக் கருத்தைப் பார்த்துக் குழம்புவதும் அடிக்கடி நடக்கும் விபத்து. "கேட்டேன்" அல்லது "படித்தேன்" என்ற ஒற்றைச் சொல் அந்த விபத்தைத் தடுத்துவிடும்.

எதைச் சொல்லாமல் விடுவது

எந்தக் கதைக்கும் ஸ்பாய்லர், அதாவது முடிச்சை முன்பே அவிழ்த்துவிடுவது, கூடாதுதான். ஆனால் காலப்பயணத் தொடரின் தோற்றக் கதையில் அந்த ஆபத்து இரட்டிப்பாகிறது. மற்றக் கதைகளில் தொடக்கத்தைச் சொல்வதால் முடிவு கெடாது. காலப்பயணக் கதையிலோ, ஒருவர் எந்தக் காலத்திலிருந்து வந்தவர் என்ற தொடக்கச் செய்தியே ஐந்நூறு பக்கம் கழித்து அவிழ வேண்டிய முடிச்சாக இருக்கும். முன்கதையில் சாதாரணமாகக் குறிப்பிடப்படும் ஒரு செய்தி முதல் நாவலின் மிகப் பெரிய திருப்பமாக இருக்கக்கூடும்.

இயக்குநரின் செயலாளராக வரும் மிசஸ் பார்ட்ரிட்ஜ் உண்மையில் யார் என்பது அப்படிப்பட்ட ஒரு செய்தி; அதை நானும் இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் அவரைப் பற்றிப் பேசாமலும் கருத்து எழுத முடியாது. இதற்கு எளிய வழி, விடையை விட்டுவிட்டுக் கேள்வியை மட்டும் எழுதுவது. "மிசஸ் பார்ட்ரிட்ஜைப் பற்றி நாவல்களில் எழும் ஐயம் உங்களுக்கு இருந்தால் இந்தக் கதையில் அவர் வரும் இடங்களை நிதானமாகப் படியுங்கள்" என்று எழுதினால், அறிந்தவர் புரிந்துகொள்வார், அறியாதவர் எதையும் இழக்கமாட்டார். எப்படியும் விடையைப் பேசியே ஆக வேண்டுமென்றால், கருத்தின் கடைசியில் தனிப் பத்தியாக, முன்னெச்சரிக்கை வரி ஒன்றை இட்டபின் எழுதுங்கள். நடுவில் அடைப்புக்குறிக்குள் எழுதி, கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்வதில் பயனில்லை. கண் எப்போதும் வாயை முந்திவிடும்.

"சிறிய கதை" என்ற புகார்

நீளத்தைப் பற்றிய மனக்குறை நியாயமானது. நாவல் அளவு எதிர்பார்த்துப் பணம் கொடுத்தவருக்கு அது குறுங்கதை என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே அளவைக் குறிப்பிடுங்கள். ஆனால் நட்சத்திரத்தைக் குறைப்பதற்கு முன்பு, கதை எடுத்துக்கொண்ட வேலையை அது முடித்ததா என்று பாருங்கள். ஆட்கள், பணம், நம்பிக்கை ஆகிய மூன்றையும் அது கையாண்டிருக்கிறதா, அல்லது ஏதேனும் ஒன்றை இரண்டே வரியில் கடந்துவிட்டதா? அப்படிக் கடந்திருந்தால் எதை என்று எழுதுங்கள். அது விமர்சனம். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்ற பசி, கதை சுவையாக இருந்ததற்கும் அடையாளமாக இருக்கலாம்.

வரலாற்றுப் பிழை கண்டவர்களுக்கு

காலப்பயணக் கதைகளின் வாசகர்களில் வரலாறு நன்கு அறிந்தவர்கள் பலர் உண்டு. பிழை கண்டால் சுட்டுவது அவர்களின் உரிமை. சுட்டுவதற்கு முன், அது உண்மை வரலாற்றைச் சேர்ந்ததா, தொடரின் கற்பனை வரலாற்றைச் சேர்ந்ததா என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பாட்டர்சீ லண்டனில் உண்மையாகவே உள்ள பகுதி, அங்கே நடந்ததாகச் சொல்லப்படும் இறுதிப் போர் கற்பனை. 'ஃபயர் வாட்ச்' கதையில் வரும் பேராலயத் தலைவர் வால்டர் மேத்யூஸ் உண்மையாகவே அந்தப் பொறுப்பில் இருந்தவர். 1940 டிசம்பர் 29ஆம் தேதி இரவின் பெருந்தீயும் உண்மை. அந்தப் பேராலயத்துக்கு எதிர்காலத்தில் நேர்வதாகச் சொல்லப்படுவது மட்டும் கற்பனை. இந்தக் கோட்டை வரைந்துவிட்டுப் பிழையை எழுதினால் உங்கள் சொல்லுக்கு எடை கூடும்.

ஒரு கருத்தைத் திருத்திப் பார்ப்போம்

சொன்னவற்றை ஒரு சிறு எடுத்துக்காட்டில் செய்து காட்டுகிறேன். வழக்கமாக எழுதப்படும் வடிவம் இது:

"'தி வெரி ஃபர்ஸ்ட் டாம்ட் திங்' படித்தேன். மிகவும் நன்றாக இருந்தது. நல்ல காமெடி. பழைய நண்பர்களைப் பார்த்தது போல இருந்தது. ஆனால் ரொம்பச் சின்னக் கதை. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்."

இதில் ஒரு வாக்கியம் மட்டும் உயிருள்ளது: பழைய நண்பர்களைப் பார்த்தது போல இருந்தது என்பது. எழுதியவர் பழைய வாசகர் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. அந்த நூலைப் பிடித்து இழுத்தால் மற்றவை தாமே வரும்:

"தொடரின் முதல் மூன்று நாவல்களைப் படித்தபின் இக்குறுங்கதையை மின்னூலாகப் படித்தேன். மேக்ஸ் இல்லாததால் முதல் சில பக்கங்களில் அவர் குரலைத் தேடிக்கொண்டிருந்தேன். பிறகு அந்த ஏக்கம் போய்விட்டது. போரின் புண் ஆறாத ஒரு நாட்டில், கடந்த காலத்தை நேரில் பார்த்துவரப் பணம் தாருங்கள் என்று ஒருவர் கேட்டு நிற்பதே எனக்குச் சிரிப்பையும் இரக்கத்தையும் சேர்த்துத் தந்தது. நாவல்களில் அசையாத மலையாக நான் கண்ட பேர்ஸ்டோவுக்கு இவ்வளவு காத்திருப்பு இருந்ததென்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். நான் சிரித்த இடங்களில் பாதிக்கு மேல், இந்த மனிதர்கள் பின்னால் எப்படி ஆவார்கள் என்று அறிந்ததால் வந்த சிரிப்பு. ஆகவே முதல் நாவலைக்கூடப் படிக்காதவருக்கு இதைக் கொடுக்க மாட்டேன்; இரண்டு நாவல்கள் படித்து, இந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கலாம் என்று முடிவுசெய்தவருக்கு உடனே கொடுப்பேன்."

நட்சத்திரம் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமானால் சேர்க்கலாம், நான்கு என்றாலும் ஐந்து என்றாலும் இந்தப் பத்தி சொன்னதற்கு மேல் அது ஒன்றும் சொல்லப்போவதில்லை.

பிறர் கருத்தைப் படிக்கும்போதும் இதே வழியைக் கையாளலாம். நட்சத்திரத்தைப் பார்ப்பதற்கு முன், எழுதியவர் எந்த வாசலில் வந்தவர் என்று தேடுங்கள். "யார் யாரோ வருகிறார்கள்" என்று எழுதி ஒரு நட்சத்திரம் தந்தவரோடு வாதாடத் தேவையில்லை. அவர் முன்கதையை முதலில் படித்தவர். அவரிடம், முதல் நாவலை, குறிப்பாக எரியும் அலெக்சாந்திரியா நூலகத்திலிருந்து சுவடிகளை மீட்கப் போகும் பகுதி வரையிலாவது படித்துவிட்டு இதற்குத் திரும்புங்கள் என்று அன்போடு சொல்லலாம். என் சித்தி மகளிடம் அதைத்தான் சொன்னேன். நான்கு மாதம் கழித்து அவள் அதே கதையை மறுபடி படித்தாள்; இப்போது ஒவ்வொருவரும் உள்ளே நுழையும்போது அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பழைய கருத்தை அழித்துவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், இரண்டையும் தேதியோடு ஒன்றன்கீழ் ஒன்றாக வை என்றேன். அவள் அப்படியே வைத்திருக்கிறாள்.